பல் உறையின் விலை: ஒற்றை வரிக்குள் ஒளிந்திருப்பவை

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு எனது இடது கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றுக்கு வேர் சிகிச்சை செய்துகொண்டேன். சிகிச்சை முடிந்த அன்று, "இதன் மேல் ஓர் உறை போட்டுவிடுங்கள், ரூ.6,000 ஆகும்" என்றார் மருத்துவர். மக்கள் வழக்கில் 'கேப்' என்று சொல்லப்படும் பல் உறையைத்தான் அவர் குறிப்பிட்டார். அதற்குள் வலி நின்றுவிட்டிருந்தது. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று வீடு திரும்பினேன். அந்த அடுத்த மாதம் வரவேயில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து, கிருஷ்ண ஜெயந்திக்கு மறுநாள், சீடை ஒன்றைக் கடித்தபோது அந்தப் பல் நெடுக்காகப் பிளந்தது. பிளவு ஈறுக்குக் கீழே வேர்வரை இறங்கிவிட்டதால் பல்லை எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றார்கள். இன்று அந்த வெற்றிடத்தில் இம்பிளான்ட் எனப்படும் செயற்கை வேரைப் பதித்துப் பல் பொருத்த ரூ.30,000 ஆகும் என்கிறார்கள். அன்று செலவழிக்காமல் வைத்திருந்த ரூ.6,000-த்தை வங்கியில் 7 விழுக்காடு வட்டிக்குப் போட்டிருந்தால்கூட இரண்டு ஆண்டுகளில் ரூ.869 மட்டுமே சேர்ந்திருக்கும். செலவும் பயனும் குறித்துப் பல்லாண்டுகள் வகுப்பெடுத்த ஒருவரின் கணக்கு இது.

இந்த ஆண்டு வலது மேல் கடைவாய்ப் பல் தொல்லை தரத் தொடங்கியபோது, இம்முறை தவறு செய்யக் கூடாது என்ற முடிவுடன் திருச்சியில் மூன்று பல் மருத்துவமனைகளில் விசாரித்தேன். "கேப் போட எவ்வளவு ஆகும்?" என்ற ஒரே கேள்விக்கு முதல் இடத்தில் ரூ.3,500 என்றார்கள், இரண்டாவது இடத்தில் ரூ.12,000, மூன்றாவது இடத்தில் ரூ.18,000. ஒரே ஊரில், ஒரே பல்லுக்கு, ஐந்து மடங்கு வேறுபாடு. இதில் யார் ஏமாற்றுகிறார் என்ற கேள்வியே முதலில் எழுந்தது. விசாரித்துத் தெளிந்தபோது, ஒருவரும் ஏமாற்றவில்லை என்பதும், நான் கேட்ட கேள்விதான் தவறு என்பதும் புரிந்தன. அந்தத் தெளிவைப் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உறை எதற்கு?

பல்லின் வெளிப்புறத்தைப் போர்த்தியிருக்கும் எனாமல்தான் மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள். ஆனால், எலும்பு முறிந்தால் கூடுவதுபோல் எனாமல் மீண்டும் வளர்வதில்லை. சொத்தை ஆழமாகி, பல்லின் நடுவிலுள்ள பற்கூழை எட்டும்போது தாங்கவியலாத வலி ஏற்படுகிறது. அப்போது பற்கூழை நீக்கி, வேர்க்குழாய்களைச் சுத்தம் செய்து அடைப்பதே வேர் சிகிச்சை. சொத்தையாலும், சிகிச்சைக்காகத் துளையிட்டதாலும் பல்லின் பெரும்பகுதி போய்விட, எஞ்சியிருப்பது மெல்லிய சுவர்கள்தாம். மெல்லும்போது அழுத்தத்தின் பெரும்பங்கைத் தாங்குபவை கடைவாய்ப் பற்கள். அந்த அழுத்தத்தில் சுவர்கள் பிளந்துவிடாமல், பல்லைச் சுற்றிலும் இறுகப் பிடித்திருப்பதே உறையின் வேலை. வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதைப் போன்றது அது.

வேர் சிகிச்சை செய்த எல்லாப் பற்களுக்கும் உறை கட்டாயமில்லை. முன்பல்லில் பெரும்பகுதி சேதமின்றி இருந்தால் வெறும் அடைப்பே போதுமானதாக இருக்கலாம். கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் உறை தேவைப்படும். எனவே, "இந்தப் பல்லுக்கு உறை தேவையா, ஏன்?" என்பதே விலைக்கு முன்னதாகக் கேட்க வேண்டிய கேள்வி.

இங்கே ஒரு விந்தையைக் கவனிக்க வேண்டும். மனிதர்கள் பல் மருத்துவரிடம் செல்வது வலியின் உந்துதலால். வேர் சிகிச்சை அந்த வலியை அகற்றிவிடுகிறது. ஆனால், பல் மிகவும் பலவீனமாக இருப்பது அதற்குப் பிந்தைய நாள்களில்தான். அபாய மணி நின்ற பிறகுதான் அபாயம் தொடங்குகிறது. வலியில்லாத நேரத்தில் வாங்க வேண்டிய பொருளாக உறை இருப்பதாலேயே அது தள்ளிப்போடப்படுகிறது. நானும் வலி நின்றதைத் தேவை நின்றதாக எடுத்துக்கொண்டேன்.

ஒரு தொகை, பல கூறுகள்

மூன்று இடங்களிலும் இரண்டாம் முறை சென்று, தொகையைப் பிரித்து எழுதித் தருமாறு கேட்டேன். முதல் இடத்தில் சொன்ன ரூ.3,500 என்பது உறைக்கு மட்டும். அதுவும் உலோகத்தின் மீது செராமிக் பூசிய உறை. வேர் சிகிச்சைக்கு ரூ.4,000, சிதைந்த பகுதியைக் கட்டியெழுப்ப ரூ.1,000, எக்ஸ்ரே படங்களுக்கு ரூ.500 தனி. ஆக மொத்தம் ரூ.9,000. இரண்டாவது இடத்தின் ரூ.12,000 என்பது வேர் சிகிச்சை, கட்டியெழுப்புதல், படங்கள், தற்காலிக உறை, சிர்கோனியா உறை அனைத்தையும் உள்ளடக்கியது. மூன்றாவது இடத்தின் ரூ.18,000-இலும் இவை அனைத்தும் அடங்கும். கூடுதலாக, வேர் சிகிச்சையை அத்துறையில் முதுநிலைப் பட்டம் பெற்ற நிபுணர் செய்வார். உறைக்கு 15 ஆண்டு உத்தரவாத அட்டையும் உண்டு.

ஐந்து மடங்காகத் தோன்றிய வேறுபாடு இரண்டு மடங்காகச் சுருங்கிவிட்டது. முதல் இடத்திலேயே சிர்கோனியா உறை போட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். கூடுதலாக ரூ.4,000 என்றார்கள். அதாவது ரூ.13,000. ஒரே பொருளை ஒரே பணிகளுடன் ஒப்பிட்டால், மிக மலிவாகத் தோன்றிய இடம் உண்மையில் இரண்டாவது இடத்தைவிட ரூ.1,000 கூடுதலாகவே இருந்தது. இத்தொகைகள் எனக்குச் சொல்லப்பட்டவை மட்டுமே. ஊருக்கு ஊர், இடத்துக்கு இடம் இவை மாறும். மாறாதது கூறுகளின் பட்டியல். பரிசோதனையும் படங்களும், வேர் சிகிச்சை, கட்டியெழுப்புதல், பல்லைச் செதுக்கி அளவெடுத்தல், தற்காலிக உறை, ஆய்வகத்தில் செய்யப்படும் நிரந்தர உறை, அதைப் பொருத்துதல், பின்னர்ச் சரிபார்த்தல் என எட்டுக் கூறுகள் உள்ளன. இவற்றில் எவை சொல்லப்பட்ட தொகைக்குள் அடங்கும், எவை அடங்காது என்பது தெரியாதவரை எந்த விலையும் மலிவும் அல்ல, அதிகமும் அல்ல.

உறை எதனால் ஆனது?

விலை வேறுபாட்டுக்கு முதல் காரணம் பொருள். முழு உலோக உறை மிகக் குறைந்த விலையுடையது. நிக்கல்-குரோமியம், கோபால்ட்-குரோமியம் போன்ற கலவைகளால் செய்யப்படுவது. மெல்லிய தகடாகவே வலிமையுடன் இருப்பதால், பல்லைக் குறைவாகச் செதுக்கினால் போதும், எளிதில் உடையாது. நிறம் ஒன்றே குறை. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். வாயின் கடைசியில், சிரித்தாலும் தெரியாத பல்லுக்கு இது முற்றிலும் தகுதியானதே. ஆயினும், பல இடங்களில் இந்த வாய்ப்பு ஒன்று இருப்பதையே நோயாளியிடம் சொல்வதில்லை.

அடுத்தது, உலோகத்தின் மீது பல் நிறத்தில் செராமிக் பூசிய உறை. பல்லாண்டுகளாகப் பரவலாகப் பயன்பாட்டில் உள்ளது. மேற்பூச்சு சில சமயம் சில்லாகப் பெயரலாம். ஆண்டுகள் செல்லும்போது ஈறோரத்தில் சாம்பல் நிறக் கோடு தென்படலாம். மூன்றாவது, இப்போது எங்கும் விளம்பரப்படுத்தப்படும் சிர்கோனியா. உலோகத்துக்கு நிகரான உறுதியும் பல்லுக்கு நெருக்கமான நிறமும் கொண்டது. முன்பற்களுக்கு இயற்கையான ஒளிபுகும் தன்மை வேண்டும் என்போருக்கு லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடி வகைச் செராமிக்கும் உண்டு.

சிர்கோனியா ஏன் விலை அதிகம் என்ற கேள்விக்குப் பலரும் சொல்லும் பதில், அது அரிய பொருள் என்பது. அது சரியன்று. சிர்கோனியத்தின் தாதுவான சிர்கான், கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணலிலேயே இருக்கிறது. அங்கு மத்தியப் பொதுத்துறை நிறுவனம் பிரித்தெடுக்கும் கனிமங்களுள் அதுவும் ஒன்று. நாம் விலை கொடுப்பது மணலுக்கு அல்ல, அது உறையாக மாறும் வழிக்கு. தாதுவைத் தூய்மைப்படுத்தி, இட்ரியம் ஆக்சைடு சேர்த்து நிலைப்படுத்தி, வட்டுகளாக அழுத்துகிறார்கள். ஆய்வகத்தில் கணினி வழிநடத்தும் கடைசல் இயந்திரம் அந்த வட்டிலிருந்து உறையைக் குடைந்தெடுக்கிறது. பிறகு சுமார் 1,500 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடும்போது அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்குகிறது. அச்சுருக்கத்தை முன்னதாகவே கணக்கிட்டுப் பெரிதாகக் குடைய வேண்டும். இயந்திரம், மென்பொருள், உலை, பயிற்சி பெற்ற தொழில்நுட்பர் ஆகியவற்றுக்கான முதலீடுதான் விலையில் பிரதிபலிக்கிறது.

மருத்துவரின் ஒரு மணி நேரம்

மருத்துவர் ஆய்வகத்துக்குக் கொடுப்பது நாம் கொடுக்கும் தொகையில் ஒரு பகுதியே. "ஆய்வகத்தில் இவ்வளவுக்குத்தானே செய்கிறார்கள், மீதமெல்லாம் லாபமா?" என்று கேட்கத் தோன்றும். மீதத்தில் கட்டட வாடகை, உதவியாளர் ஊதியம், பல் நாற்காலிக்கும் எக்ஸ்ரே கருவிக்கும் வாங்கிய கடனின் தவணை, கருவிகளைக் கிருமிநீக்கும் செலவு எல்லாம் அடங்கும். நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் இவை மாறாச் செலவுகள். நாள் முழுவதும் நிரம்பியிருக்கும் நாற்காலியின் மாறாச் செலவு பலருக்கும் பங்கிடப்படுகிறது. பாதி நேரம் காலியாக இருக்கும் நாற்காலியின் செலவைச் சிலரே சுமக்கிறார்கள். பெருநகரத்தின் வாடகையும் சிறுநகரத்தின் வாடகையும் ஒன்றல்ல.

வரி பற்றியும் ஒரு சொல். பல் மருத்துவ சேவைக்குச் சரக்கு மற்றும் சேவை வரி விலக்கு உண்டு. ஆனால், விலக்குப் பெற்ற சேவை என்பதாலேயே, தாம் வாங்கும் பொருள்களுக்கும் கருவிகளுக்கும் செலுத்திய வரியை மருத்துவர் திரும்பப் பெற இயலாது. அந்த வரி ரசீதில் தெரியாமல் கட்டணத்துக்குள் கரைந்து நம்மிடமே வந்து சேர்கிறது.

இவை அனைத்துக்கும் மேலாக நாம் வாங்குவது மருத்துவரின் கைத்திறனையும் நேரத்தையும்தான். உறை பொய்த்துப்போவதற்கு முக்கியக் காரணம், அதன் பொருள் உடைந்துபோவதைவிட, உறையின் விளிம்பும் பல்லும் சேருமிடத்தில் இடைவெளி ஏற்பட்டு, உள்ளே மீண்டும் சொத்தை பிடிப்பதே. அந்த விளிம்பு கச்சிதமாக அமைவது, பல் எப்படிச் செதுக்கப்பட்டது, அளவு எப்படி எடுக்கப்பட்டது, ஆய்வகம் எவ்வளவு கவனமாக வேலை செய்தது என்பவற்றைப் பொறுத்தது. அவசர அவசரமாக எடுத்த அளவில் செய்யப்பட்ட விலையுயர்ந்த சிர்கோனியாவைவிட, நிதானமாகச் செய்யப்பட்ட எளிய உலோக உறை நீண்ட நாள் உழைக்கும். நிறுவனங்கள் தரும் 10 ஆண்டு, 15 ஆண்டு உத்தரவாத அட்டைகள் பொதுவாக உறைக்கு மட்டுமே பொறுப்பேற்கின்றன. உறைக்குள் இருக்கும் பல் கெட்டால் அந்த அட்டையால் பயனில்லை. புதிய உறை இலவசமாகக் கிடைத்தாலும், அதைப் பொருத்தும் மருத்துவரின் கட்டணம் அதில் அடங்குமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒப்பிட முடியாத சந்தை

அரிசி வாங்கும்போது மணியைக் கையில் எடுத்துப் பார்க்கிறோம். உணவகத்தின் தரம் உண்ட பிறகு தெரிந்துவிடும். ஆனால், மருத்துவம் அப்படியன்று. மருத்துவச் சந்தை பிற சந்தைகளிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது என்பதை கென்னத் ஆரோ 1963-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் விளக்கினார். நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையிலுள்ள அறிவு இடைவெளியே அதன் மையம். 1973-இல் மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இரு பொருளியலாளர்கள், வாங்கிய பிறகும் தரத்தை வாங்கியவரால் மதிப்பிட முடியாத பண்டங்களைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டினர். நம்பிக்கைப் பண்டங்கள் என்று அவற்றைத் தமிழில் சொல்லலாம். பல் உறை அதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அது தேவையா என்பதை முடிவு செய்பவரும், விற்பவரும் ஒருவரே. உறை வாய்க்குள் போன பிறகு, உள்ளே கட்டியெழுப்பியது எதனால், விளிம்பு எப்படி என்பதெல்லாம் நம் கண்ணுக்குத் தெரியாது. ஏழெட்டு ஆண்டுகள் கழித்துப் பழுதானால், காரணம் யார் என்றும் சொல்ல இயலாது.

இத்தகைய சந்தையில் நோயாளி, தன்னால் அளக்க முடிந்த ஒன்றே ஒன்றைப் பற்றிக்கொள்கிறார். அதுதான் விலை. சிலர் குறைந்த விலையைத் தேடி ஓடுகிறார்கள். வேறு சிலர் அதிக விலை என்றாலே அதிகத் தரம் என்று நம்பிவிடுகிறார்கள். இரண்டுமே இருட்டில் கல்லெறிவதுதான். நேர்மையாகச் செதுக்கி, நிதானமாக அளவெடுக்கும் மருத்துவருக்கும் இதனால் இழப்பே. அவர் செலவிடும் கூடுதல் நேரம் ஒற்றை வரி விலையில் தெரிவதில்லை. கூறுகளைப் பிரித்து எழுதுவது நோயாளியைப் போலவே நல்ல மருத்துவரையும் காப்பாற்றும்.

யார் கொடுப்பது?

நம் நாட்டில் பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள், விபத்தால் ஏற்பட்ட சிகிச்சை தவிர்த்த பல் சிகிச்சைகளை ஏற்பதில்லை. வெளிநோயாளிச் செலவுகளையும் ஏற்கும் சில திட்டங்களே விதிவிலக்கு. அவற்றிலும் உச்சவரம்பு உண்டு. உள்நோயாளியாகச் சேர்வதை அடிப்படையாகக் கொண்டே நமது காப்பீடுகள் வடிவமைக்கப்பட்டுள்ளன. பல்லோ, நாற்காலியில் அமர்ந்து சிகிச்சை பெற்று அன்றே வீடு திரும்பும் நோய். ஆகவே, உறையின் செலவு முழுவதும் சொந்தப் பணத்திலிருந்தே வருகிறது.

வருமான வரி செலுத்தும் மூத்த குடிமக்களுக்கு ஒரு சிறு ஆறுதல் உண்டு. பழைய வரி முறையில் இருந்து, மருத்துவக் காப்பீடு எதுவும் இல்லாத 60 வயது கடந்தவர்கள், தங்கள் மருத்துவச் செலவில் ஆண்டுக்கு ரூ.50,000 வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். பணம் ரொக்கமாகச் செலுத்தப்பட்டிருக்கக் கூடாது. ரசீது வாங்காதவருக்கு இந்தச் சலுகையால் பயனில்லை.

செலவைக் குறைக்க நேர்மையான வழிகள் சில உள்ளன. பல் மருத்துவக் கல்லூரிகளில் ஆசிரியர்களின் மேற்பார்வையில் மாணவர்கள் சிகிச்சை அளிக்கிறார்கள். நேரம் அதிகமாகும், பல முறை செல்ல வேண்டியிருக்கும், கட்டணம் குறைவு. அரசுத் துறையில், 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பல் மருத்துவப் பிரிவாகத் தொடங்கிய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலை நகரில் ஒன்றும், 2023-இல் திறக்கப்பட்ட புதுக்கோட்டைக் கல்லூரியும் உள்ளன. தனியாரிடம் செல்வோரும், தெரியாத கடைசிப் பல்லுக்கு உலோக உறையைத் தேர்ந்தெடுத்தாலே செலவு கணிசமாகக் குறையும். வேர் சிகிச்சையையோ கட்டியெழுப்புதலையோ அரைகுறையாக்கிச் சேமிப்பது மட்டும் கூடாது. அஸ்திவாரத்தில் சிக்கனம் பிடித்துக் கட்டிய வீடாகிவிடும் அது.

கேட்க வேண்டியவை

பல் மருத்துவரின் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்த பிறகு யாராலும் பேரம் பேச இயலாது. கேள்விகளை அதற்கு முன்பே, மேசைக்கு எதிரே அமர்ந்திருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். இந்தப் பல்லுக்கு உறை ஏன் தேவை? எக்ஸ்ரே படத்தில் காட்டி விளக்க முடியுமா? இந்த இடத்துக்கு எந்தெந்தப் பொருள்கள் பொருந்தும், ஒவ்வொன்றுக்கும் என்ன விலை? சொன்ன தொகையில் வேர் சிகிச்சை, கட்டியெழுப்புதல், தற்காலிக உறை, படங்கள் அடங்குமா? உறை கழன்றாலோ, கடிக்கும்போது உயரமாகத் தட்டினாலோ சரிசெய்யத் தனிக் கட்டணமா? ஓராண்டுக்குள் பழுதானால் யார் பொறுப்பு? இவற்றுக்கான பதில்களை ஒரு தாளில் எழுதித் தருவீர்களா? நல்ல மருத்துவர் எவரும் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிப்பதில்லை என்பது என் அனுபவம்.

கேட்பது உரிமையும்கூட. கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவ சேவையும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. ரசீது தர மறுப்பதை முறையற்ற வணிக நடைமுறையாக 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வரையறுக்கிறது. மத்திய அரசின் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் 2012-இல் வகுக்கப்பட்ட விதிகள், ஒவ்வொரு சேவையின் கட்டணத்தையும் உள்ளூர் மொழியிலும் ஆங்கிலத்திலும் கண்ணில் படும்படி எழுதிவைக்க வேண்டும் என்கின்றன. தமிழகம் அந்தச் சட்டத்தைப் பின்பற்றாமல், 1997-இல் இயற்றிய தனது சொந்தச் சட்டத்தைக் கொண்டுள்ளது. இங்கும் பல் மருத்துவமனைகளில், மேற்சொன்ன எட்டுக் கூறுகளையும் பிரித்துக் காட்டும் ஒரே மாதிரியான மதிப்பீட்டுப் படிவத்தைத் தமிழில் கட்டாயமாக்கலாம். விலையை அரசு நிர்ணயிக்க வேண்டும் என்று நான் கோரவில்லை. விலை புரியும்படி இருக்க வேண்டும் என்பதே கோரிக்கை.

இரண்டு ரூபாய்க் கணக்கு

சிர்கோனியா உறை ஒன்றின் விலை ரூ.7,500 என்றும், அது 10 ஆண்டுகள் உழைக்கும் என்றும் கொள்வோம். ஆண்டுக்கு ரூ.750, நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு ரூபாய். நன்கு பேணினால் அதற்கு மேலும் உழைக்கக்கூடியது. ஒரு தேநீரின் விலையைவிடக் குறைவு. இப்படிக் கணக்கிட்டுப் பார்த்தால், உறையைத் தள்ளிப்போடுவது பொருளாதார அறிவுக்குப் பொருந்தாத செயல் என்று தோன்றும். என்னைப் பொறுத்தவரை அது உண்மை.

ஆனால், அந்தக் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது என்பதை எங்கள் தெருவில் பூ விற்கும் அம்மாள் எனக்கு உணர்த்தினார். சில மாதங்களுக்கு முன்பு கன்னத்தில் துணியை வைத்து அழுத்திக்கொண்டு நின்றிருந்தார். என்ன என்று கேட்டேன். "பல்லைக் காப்பாத்தி கேப் போட பத்தாயிரத்துக்கு மேல ஆகும்னாங்க சார். பிடுங்குனா முந்நூறுதான். பிடுங்கிட்டு வந்துட்டேன்" என்றார். புதுக்கோட்டை அரசுக் கல்லூரிக்குப் போயிருக்கலாமே என்றேன். "நாலஞ்சு தடவ போகணும்ல சார். அன்னன்னிக்கு வியாபாரம் யாரு பாக்குறது?" என்று கேட்டார். வாய்ப்புச் செலவு என்று நான் கரும்பலகையில் எழுதி விளக்கியதை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். கட்டணம் குறைவு என்பதாலேயே ஒரு சிகிச்சை எட்டும் தூரத்தில் வந்துவிடுவதில்லை.

நாளொன்றுக்கு இரண்டு ரூபாய் அவரிடம் இருக்கிறது. பத்து ஆண்டுகளுக்கான இரண்டு ரூபாய்களை ஒரே நாளில் எண்ணி வைக்க முடியாது என்பதே அவரது சிக்கல். நான் உறையைத் தள்ளிப்போட்டது அறியாமை. அவர் பல்லை எடுத்தது அறியாமையன்று, வழியின்மை. எனக்குத் தேவைப்பட்டது தெளிவான ஒரு தாள். அவருக்கு அது மட்டும் போதாது.

வட்ட மருத்துவமனைகளில் பல் பிரிவுகள் இயங்குகின்றன. அங்கே பெரும்பாலும் பல் எடுப்பதும் அடைப்பதுமே நடக்கின்றன. மாவட்டத்துக்கு ஒரு பொது ஆய்வகத்தை அரசு அமைத்து, வட்ட மருத்துவமனைகளில் எடுக்கும் அளவுகளை அங்கே அனுப்பி, எளிய உலோக உறைகளையாவது செய்து தரலாம். வேர் சிகிச்சைக்குப் பிந்தைய உறையை, உள்நோயாளி என்ற நிபந்தனையின்றிக் காப்பீட்டுத் திட்டங்களில் சேர்க்கலாம். பல் எடுப்பதற்கு மட்டும் எளிதில் வழியிருந்து, பல்லைக் காப்பதற்கு வழியில்லாத இடத்தில், ஏழைகள் பல்லை இழப்பதை அவர்களது விருப்பத் தேர்வு என்று எந்தப் பொருளியலும் சொல்ல முடியாது.

எனது வலது மேல் பல்லுக்கு இரண்டாவது இடத்திலேயே உறை போட்டுக்கொண்டேன். மருத்துவர் ஒவ்வொரு கூறையும் தனித்தனியாக எழுதித் தந்த மதிப்பீட்டுத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். இடது புறத்தின் வெற்றிடம் அப்படியே இருக்கிறது. பூக்கார அம்மாளும் இப்போது ஒரு பக்கமாகவே மெல்லுகிறார். எனக்கு இம்பிளான்ட் பற்றி யோசிக்க அவகாசம் இருக்கிறது. அவருக்கு அந்த யோசனைக்கே இடமில்லை.